தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு ஃபாஃப்சா கைகொடுக்கிறதா?

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசு தரும் நிதியுதவியின் பெரும்பகுதி ஒரே படிவத்தின் வழியாகத்தான் வருகிறது. ஃபாஃப்சா என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் அந்தப் படிவத்தை நிரப்பாதவருக்கு பெல் கிராண்ட் என்னும் மானியமும் கிடையாது, அரசின் கல்விக் கடனும் கிடையாது, வொர்க்-ஸ்டடி என்னும் பகுதிநேர வேலையும் கிடையாது. பல மாநிலங்களும் கல்லூரிகளும் தங்கள் சொந்த உதவித்தொகையைக் கொடுக்கவும் இதையே கேட்கின்றன. பள்ளியை முடித்த கையோடு கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரை மனத்தில் வைத்துத்தான் இதைப் பற்றிப் பெரும்பாலும் பேசப்படுகிறது. பாதியில் நின்ற பட்டப்படிப்பை முப்பது, நாற்பது வயதில், கையில் குழந்தையோடும் துணைக்கு ஆளில்லாமலும் மீண்டும் தொடங்க நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தச் சேவை எவ்வளவு பயன்படுகிறது என்பதே இந்த மதிப்பீட்டின் கேள்வி.

நான் கல்லூரி அலுவலர் அல்லள். மணமுறிவுக்குப் பின்னோ கணவரை இழந்த பின்னோ படிக்கத் திரும்பிய தோழிகள் சிலரோடு உட்கார்ந்து இந்தப் படிவத்தை நிரப்பியவள். பின்னர் வந்த கடிதங்களை அவர்களோடு சேர்ந்து படித்தவள். என் கணிப்பு இதுதான்: படிவம் முன்பைவிட மிகவும் நன்றாகிவிட்டது, பெல் கிராண்ட் உண்மையிலேயே தாராளமானது, ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையும் அதற்காகத் தாய் இழக்கும் நேரத்தையும் இந்த ஏற்பாடு கணக்கில் எடுத்துக்கொள்வதுபோல் காட்டுகிறதே தவிர, உண்மையில் எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் படிவம். பழைய ஃபாஃப்சாவில் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் இருந்தன. 2020 டிசம்பரில் நிறைவேறிய எளிமையாக்கச் சட்டத்துக்குப் பிறகு சிலருக்கு அது 18 கேள்விகள் வரை குறைந்திருக்கிறது. வருமான விவரங்களை நாம் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஒப்புதல் கொடுத்தால் வரித்துறையிலிருந்து நேரே வந்துவிடுகின்றன. அந்த ஒப்புதலை மறுத்தால் மத்திய அரசின் உதவி எதுவும் கிடைக்காது என்பதால், அந்தப் பக்கத்தில் தயங்கி நிற்பதில் பொருளில்லை. இந்தப் புதிய படிவம் அறிமுகமான கதை மட்டும் வெட்கக்கேடானது. வழக்கமாக அக்டோபரில் திறக்க வேண்டிய 2024-25 கல்வியாண்டின் படிவம் 2023 டிசம்பர் 30 அன்றுதான், அதுவும் விட்டுவிட்டுத் திறந்தது. கல்லூரிகளின் கைக்கு விவரங்கள் போய்ச் சேரவே மார்ச் ஆகிவிட்டது. முதல் ஐந்து மாதங்களில் உதவி மையத்துக்கு வந்த 54 லட்சம் அழைப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குப் பதிலே கிடைக்கவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பின்னர் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டில் முயன்று வெறுத்துப்போய் விட்டுவிட்டவர்கள் இப்போது மறுபடியும் பார்க்கலாம். அக்டோபர் 1-க்குள் படிவத்தைத் திறந்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தனிச் சட்டமே வந்துவிட்டது. படிவம் அடியோடு இலவசம். நிரப்பித் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று கேட்கும் இணையதளங்களுக்கு ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு இந்தப் படிவம் செய்யும் முதல் நன்மை பலருக்குத் தெரியாமலே போகிறது. இருபத்து நான்கு வயதுக்குக் குறைந்த மாணவர்களுக்குப் பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். ஆனால் தன்னோடு வாழும் குழந்தையின் செலவில் பாதிக்கு மேல் தாமே ஏற்கும் மாணவி, வயது எதுவாக இருந்தாலும், சுதந்திர மாணவியாகவே கருதப்படுவார். மணமுறிவுக்குப் பின் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி அங்கிருந்தே படிக்கப் போகும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, அப்பாவின் சம்பளம் குறுக்கே வந்து நிற்காது. இந்தக் கேள்வியை அவசரத்தில் தாண்டிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்தைத் தேர்வு செய்யாமல் விட்டால் ஆயிரக்கணக்கான டாலர் போய்விடும்.

அடுத்து வரும் திருமண நிலை பற்றிய கேள்விதான் படிவத்திலேயே நெருடலானது. திரையில் ஐந்தாறு பதில்கள் வரிசையாக இருக்கும்: திருமணமாகாதவர், மணமானவர், மறுமணம் செய்தவர், பிரிந்து வாழ்பவர், மணமுறிவு பெற்றவர், கணவரை இழந்தவர். படிவத்தில் கையொப்பமிடும் நாளில் நிலைமை என்னவோ அதுவே பதில். வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பு வரவில்லை என்பதால் ‘மணமானவர்’ என்று போட வேண்டியதில்லை. கணவரும் மனைவியும் தனித்தனி வீட்டில் வாழ்ந்தால் ‘பிரிந்து வாழ்பவர்’ என்பது செல்லும். ஒரே கூரையின் கீழ் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது. நம் வீடுகளில், ஊருக்கும் உறவுக்கும் அஞ்சி, பிரிந்த பின்னும் ஒரே முகவரியில் தொடர்வது அரிதல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த விதி கடுமையானது.

இதோடு இன்னொரு சிக்கலும் பின்னிக் கிடக்கிறது. ஃபாஃப்சா எடுத்துக்கொள்ளும் வருமானம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. 2025-26 கல்வியாண்டுக்கு 2023-ஆம் ஆண்டின் வரிக்கணக்கு. அந்த ஆண்டில் கணவரோடு கூட்டாக வரித்தாக்கல் செய்த பெண், இன்று தனியாக மணிநேரக் கூலிக்கு வேலை பார்த்தாலும், ஒரு மென்பொருள் பொறியாளரின் சம்பளம் அவருடைய கோப்பில் ஒட்டிக்கொண்டு வரும். கணவரின் பங்கை நீக்கித் தனது வருமானத்தை மட்டும் காட்ட வழி இருக்கிறது. அதற்குமேல், வேலை இழப்பு, மணமுறிவு, கணவரின் மறைவு போன்ற காரணங்களால் வருமானம் குறைந்திருந்தால், கல்லூரியின் நிதியுதவி அலுவலர் தமது அதிகாரத்தைப் பயன்படுத்தி எண்களை மாற்றியமைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட் என்பது அதற்குரிய பெயர். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். படிவத்தை அனுப்பியதும் திரையில் தோன்றும், உதவித் தகுதியைக் கணக்கிடப் பயன்படும் எஸ்ஏஐ என்னும் எண்ணைப் பார்த்துவிட்டு, ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்று மடிக்கணினியை மூடிவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். கல்லூரிகள் இந்த வாய்ப்பைத் தங்கள் இணையதளத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டவை. அறிவிப்பு இருக்கும், எங்கேயோ ஏழாவது சுட்டியின் அடியில்.

இனி பணம். பெல் கிராண்ட் கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2023-24 முதல் 2025-26 வரை அதன் உச்ச அளவு ஆண்டுக்கு 7,395 டாலர். புதிய விதிகளில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கென்றே ஒரு சலுகை இருக்கிறது. மற்றப் பெற்றோருக்கு, குடும்ப அளவுக்குரிய வறுமைக்கோட்டின் 175 விழுக்காடு வரையிலான வருமானத்துக்குத்தான் முழு பெல் கிராண்ட் உறுதி. தனியாக வளர்ப்பவருக்கு அது 225 விழுக்காடு. 2025-26-க்கு, அலாஸ்காவையும் ஹவாயையும் தவிர்த்த மாநிலங்களில், ஒரு தாயும் ஒரு குழந்தையும் உள்ள குடும்பத்துக்கு அது 44,370 டாலர். இரண்டு குழந்தைகள் என்றால் 55,935 டாலர். ஒரு மருத்துவமனை வரவேற்பறையிலோ பள்ளி அலுவலகத்திலோ முழுநேர வேலை பார்ப்பவர்கள் பலரும் இந்த வரம்புக்குள் வந்துவிடுவார்கள். அதைத் தாண்டினாலும், சுதந்திர மாணவியான தனித்தாய்க்கு 400 விழுக்காடு வரை குறைந்தபட்சத் தொகையாவது கிடைக்கும். ‘நான் சம்பாதிக்கிறேன், எனக்கு எப்படிக் கொடுப்பார்கள்?’ என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்களுக்காகவே இந்த எண்களை இங்கே எழுதுகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்று சொல்லத்தக்க கம்யூனிட்டி காலேஜில், உள்ளூர் மாணவர்களுக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் நாடளாவிய சராசரியில் சுமார் 4,000 டாலர். முழு பெல் கிராண்ட் அதைக் கட்டிவிட்டு மிச்சமும் வைக்கும். அந்த மிச்சத்தைக் கல்லூரி 14 நாட்களுக்குள் மாணவியின் கையில் கொடுத்தாக வேண்டும். புத்தகம், பேருந்து, வீட்டு வாடகை என்று எதற்கு வேண்டுமானாலும் அதைச் செலவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை.

குறை தொடங்குவது முழுநேரம் என்ற சொல்லில். செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) எடுத்தால்தான் முழுத் தொகை. பகலில் வேலை, மாலையில் வீட்டுப்பாடம், இரவில் காய்ச்சல் என்று ஓடும் தாய் எத்தனை வகுப்பு எடுக்க முடியும்? ஏழு கிரெடிட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024-25 முதல் பெல் கிராண்டைப் பன்னிரண்டில் எத்தனை பங்கு என்று நுட்பமாகக் கணக்கிடுகிறார்கள். ஏழு கிரெடிட்டுக்கு 58 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு சுமார் 4,289 டாலர். முன்பு இருந்த முக்கால், அரை என்ற படிகளைவிட இது நியாயமானதுதான். ஆனால் குழந்தையின் டே கேர் கட்டணம் 58 விழுக்காடாகக் குறைவதில்லை, வீட்டு வாடகையும் குறைவதில்லை. கோடையிலும் வகுப்பெடுத்தால் அந்த ஆண்டின் தொகையில் 150 விழுக்காடு வரை பெறலாம் என்பது ஓரளவு ஆறுதல். குறைந்த கிரெடிட்டோடு நிதானமாகப் படிப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

குழந்தைப் பராமரிப்புக்கு வருவோம். கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தில் காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியல் இருக்கும்: கல்விக் கட்டணம், புத்தகம், தங்குமிடம், உணவு, போக்குவரத்து, இதர செலவு. குழந்தைப் பராமரிப்புக்கென்று ஒரு வரியும் அதில் சேர்க்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. தோழி ஒருத்திக்கு வந்த கடிதத்தில் அந்த வரி இல்லவே இல்லை. டே கேர் ரசீதை இணைத்து அவள் ஒரு மின்னஞ்சல் எழுதிய பிறகுதான் சேர்த்தார்கள். கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை என்பதே பல இடங்களிலும் நடைமுறை. இருந்தாலும், அந்த வரி சேர்ந்ததும் பணம் வந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். அது உதவித்தொகையின் உச்சவரம்பை உயர்த்துகிறது, அவ்வளவுதான். பெல் கிராண்டின் உச்சத்தை ஏற்கெனவே தொட்டுவிட்டவருக்கு அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் கடன். குழந்தையை டே கேரில் விட்டதற்கான செலவைப் பல ஆண்டுக் கடனாக எழுதிக்கொடுப்பதை உதவி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான பராமரிப்பு உதவி வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மாநிலங்கள் வழியாக வரும் குழந்தைப் பராமரிப்பு மானியம். பல இடங்களில் அதற்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. மற்றொன்று, 1998-இல் தொடங்கிய சிகேம்பிஸ் என்னும் திட்டம். மத்திய அரசு கல்லூரிகளுக்குப் பணம் கொடுக்கிறது, கல்லூரி தன் வளாகத்திலேயோ அருகிலோ குறைந்த வருமானமுள்ள மாணவப் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு ஏற்பாடு செய்கிறது. ஒரு சில கல்லூரிகளுக்குத்தான் இது கிடைத்திருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேருவது என்று முடிவெடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்: கால் கிராண்ட் என்னும் அம்மாநில உதவித்தொகையைப் பெறும் மாணவிக்குக் குழந்தை இருந்தால், மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 6,000 டாலர் வரை கூடுதலாகக் கிடைக்க 2019-20 முதல் வழி செய்திருக்கிறார்கள்.

மீண்டும் கல்லூரிக்குத் திரும்புபவர்களை மடக்கும் விதிகள் ஃபாஃப்சாவில் எழுதப்படாதவை. பழைய மதிப்பெண்தான் முதல் தடை. பத்தாண்டுகளுக்கு முன், திருமணம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த ஒரு செமஸ்டரில் நான்கு வகுப்புகளையும் பாதியில் விட்டவருக்கு, அந்த நான்கும் இன்றுவரை கோப்பில் இருக்கும். நிதியுதவி தொடர வேண்டுமானால் போதிய கல்வி முன்னேற்றம் காட்ட வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 2.0, எடுத்த கிரெடிட்டில் சுமார் 67 விழுக்காடு முடித்திருத்தல் என்பது அளவுகோல். அந்த அளவுக்கு வராதவர்களுக்கு முறையீடு செய்ய வழியுண்டு. முறையீட்டுக் கடிதத்தை நம்மவர்கள் மன்னிப்புக் கடிதமாக எழுதிவிடுகிறார்கள். தேவையில்லை. அப்போது என்ன நடந்தது, அதற்கு என்ன சான்று, இப்போது எது மாறியிருக்கிறது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில், நீதிமன்ற ஆணையோ மருத்துவரின் கடிதமோ இணைத்து, நேராகச் சொன்னால் போதும். கண்ணீர்க் கதை அலுவலரின் கையைக் கட்டிவிடுகிறது. அவருடைய கோப்புக்கு வேண்டியது காரணமும் ஆவணமும்.

இரண்டாவது தடை, கட்டாமல் விட்ட பழைய கல்விக் கடன். அது டிஃபால்ட் ஆகியிருந்தால் புதிய உதவி கிடையாது. பத்து மாதங்களுக்குள் ஒன்பது தவணைகளை ஒழுங்காகக் கட்டி மீளலாம். அவசரமென்றால் பழைய கடன்களை ஒன்றாக்கும் வழி இதைவிட விரைவானது. மூன்றாவதாக, பெல் கிராண்டை வாழ்நாளில் பன்னிரண்டு முழுநேர செமஸ்டர் அளவுக்குத்தான் பெறலாம், முன்பு பயன்படுத்தியது கழிக்கப்படும். படித்துக்கொண்டிருந்த கல்லூரியே இழுத்து மூடப்பட்டிருந்தால் அங்கே செலவான பங்கு திரும்பக் கிடைக்கும். 2016-இல் ஐடிடி டெக் என்னும் தனியார் கல்லூரி மூடப்பட்டபோது நடுவில் நின்றவர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

படிக்கத் தொடங்கிய பின்னும் ஒரு பொறி உண்டு. செமஸ்டரின் 60 விழுக்காடு கடக்கும் முன் எல்லா வகுப்புகளிலிருந்தும் விலகினால், பெற்ற உதவியில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும், அந்தத் துண்டுக்குக் கல்லூரி நம் பெயரில் பில் அனுப்பும். குழந்தைக்கு உடல்நலமில்லை என்று ஐந்தாவது வாரத்தில் விலகும் தாய்க்கு இது பேரிடி. ஒரு வகுப்பையாவது விடாமல் முடிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு விலகல் படிவத்தில் கையெழுத்திடுவது நல்லது.

மற்ற அரசு உதவிகளோடு இது எப்படிப் பொருந்துகிறது என்றால், ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. ஸ்னாப் உணவு உதவி பொதுவாக அரைநேரமோ அதற்கு மேலோ படிக்கும் மாணவர்களுக்குக் கிடையாது, ஆனால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையோடு முழுநேரம் படிக்கும் தனித்தாய்க்கு விலக்கு உண்டு. டானிஃப் எனப்படும் ரொக்க உதவியோ 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிற்கல்வியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டுமே வேலைக்கு நிகராக ஏற்கிறது. இரண்டாண்டுப் பட்டத்துக்கே அது போதாது. ஒரு கை படி என்கிறது, மறு கை வேலைக்குப் போ என்கிறது. முன்னாள் கணவர் தரும் குழந்தைப் பராமரிப்புத் தொகை மட்டும் இப்போது வருமானமாக அல்லாமல் சொத்தின் கீழ் எண்ணப்படுவதால், முன்பளவுக்குப் பாதகம் செய்வதில்லை.

நம் சமூகத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மத்திய அரசின் உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இன்னும் சில வகையினருக்கும் மட்டுமே. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. கணவரின் வன்முறையிலிருந்து விலகி, குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஆன அந்தக் கணவரைச் சாராமல் தாமே குடியேற்ற மனு செய்து உரிய ஆவணம் பெற்ற பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதற்குக் கல்லூரி அலுவலகத்தைவிட முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பதே முறை.

தனியார் உதவித்தொகைகளைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முதன்முதலில் தேர்வான பெண்ணின் பெயரில் 1976 முதல் இயங்கும் ஜீனட் ராங்கின் அறக்கட்டளை, முப்பத்தைந்து வயது நிரம்பிய, குறைந்த வருமானமுள்ள பெண்களுக்கென்றே உதவுகிறது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பேட்சி மிங்க் பெயரிலான அறக்கட்டளை குறைந்த வருமானமுள்ள தாய்மார்களுக்கானது. சொராப்டிமிஸ்ட் என்னும் பெண்கள் தன்னார்வ அமைப்பின் விருது, குடும்பத்தின் முதன்மைப் பொருளாதாரப் பொறுப்பைச் சுமக்கும் பெண்களுக்கு. இவை நம்பத்தக்கவை, போட்டி மிக்கவை, பெல் கிராண்டுக்கு மாற்றாக ஆகாதவை. இணையத்தில் ஒரு காலத்தில் ‘அம்மாக்கள் படிக்கத் திரும்ப ஒபாமா அழைக்கிறார்’ என்று மினுக்கிய விளம்பரங்களின் பின்னால் அப்படி ஓர் அரசு உதவித்தொகையே இருக்கவில்லை. தொலைபேசி எண்ணை வாங்கிக் கல்லூரிகளுக்கு விற்பதே அவற்றின் வேலை. பெயர் மாறி அவை இன்றும் வருகின்றன.

கடனைப் பொறுத்தவரை, சுதந்திர மாணவி முதலாண்டில் 9,500 டாலர் வரை வாங்கலாம். அதில் 3,500 வரைதான் படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கும் வகை. கடிதத்தில் மானியமும் கடனும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும், கூட்டுத்தொகை பெரிதாகத் தெரியும். கடன் வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டு மீண்டும் கூட்டிப் பாருங்கள். வேண்டாத கடனை மறுக்கலாம், வேண்டிய அளவு மட்டும் ஏற்கலாம். 2026 ஜூலை 1 முதல் முழுநேரத்துக்குக் குறைவாகப் படிப்பவர்களின் ஆண்டுக் கடன் வரம்பும் அதற்கேற்பக் குறைக்கப்படுகிறது. கடனை நம்பி ஆறு, ஏழு கிரெடிட் எடுக்கத் திட்டமிட்டவர்கள் அந்தக் கணக்கை இப்போதே மாற்றிப் போட வேண்டும். எஃப்எஸ்ஈஓஜி என்னும் கூடுதல் மானியம் கல்லூரிக்கு ஒதுக்கிய பணம் தீரும் வரைதான் என்பதாலும், பல மாநிலங்களின் முன்னுரிமைக் கெடு வசந்தத்திலேயே முடிந்துவிடுவதாலும், எந்தக் கல்லூரி என்று முடிவாகாவிட்டாலும் அக்டோபரிலேயே படிவத்தை அனுப்பிவிடுங்கள். இருபது கல்லூரிகள் வரை அதில் குறிப்பிடலாம், பிறகு மாற்றியும் கொள்ளலாம்.